வெண்பலகைக்கு வைத்த பொட்டு

நானுஓயா ஸ்டேசனில் இறங்கிய வெண்பலகைக்கு வேனில் ஜன்னலோரச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்த உத்தியோகத்தர்கள் இருவரும் பின்னால், சாமான்களுக்கு நடுவே, முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்து வந்தார்கள். சாமிப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவில் வேன் நின்றதும் கதவு முதலில் திறந்தது பலகைக்குத்தான். பலகையைச் சுற்றிப் பஞ்சு உறை, உறைக்கு மேல் பொலித்தீன், பொலித்தீனுக்கு மேல் சாமி தூக்குவதுபோல் நான்கு கைகள்.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் நின்ற முத்துலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“யாரு மீனம்மா அது?” என்று பக்கத்து அறைக் காம்பராக்காரியைக் கேட்டார்.

“பெரிய எடத்துப் பொண்ணா இருக்கும்ண்ணே. மொகத்தையே காட்ட மாட்டேங்குது.”

அந்த லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்திய மழையில் அதில் ஒரு துண்டு பெயர்ந்து வந்து தண்ணீர்ப் பீலியை மூடிவிட்டது. பீலியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் முத்துலிங்கத்தின் மனைவி அம்மாக்கண்ணு. தோண்டித் தேடினார்கள். அவளுடைய கறுப்புக் குடை கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை.

அதன் பிறகு லயத்துச் சனங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மிச்ச மேடும் இறங்கி வருவதற்குள் எங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மேடு ஈரமாக இருப்பது அளந்து நிரூபிக்கப்படாமல் எவரையும் மாற்ற முடியாது என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து பதில் வந்தது. மழை விடாமல் பெய்கிறதே என்று மறுபடி எழுதினார்கள். மழை வேறு திணைக்களத்தின் பொறுப்பு என்று பதில் வந்தது.

முத்துலிங்கம் தனக்கென்று இன்னொன்றும் கேட்டிருந்தார். அம்மாக்கண்ணுவுக்கு ஒரு மரணச் சான்றிதழ். அதற்கு மண் சரிந்ததற்கான அளவீடு வேண்டுமாம். சரிந்தபோது அளப்பதற்கு எவரும் அங்கே இருக்கவில்லை. அளக்காத மண் சரிந்த மண்ணாகாது. சரியாத மண்ணுக்குள் எவரும் சாக முடியாது. ஆகவே கந்தோர்க் கணக்கில் அம்மாக்கண்ணு சாமிப்பாறை மேல்கணக்கில் சுகமாக வாழ்ந்துகொண்டிருந்தாள். தேர்தலுக்கு அவள் பெயரில் வாக்காளர் அட்டைகூட வந்தது. முத்துலிங்கம் அதைக் குடைக்குள் செருகி வைத்தார்.

இப்படி அளக்கப்படாமல் கிடந்த மேடுகளை அளக்கத்தான் சாய்நில ஒளித்தெறிப்பு அளவை நிலையம் பிறந்தது. அதன் முதல் குழந்தை சாமிப்பாறைக்கு வந்த மெசின். ஆள்காட்டி விரல் தடிப்பில் ஒரு கறுப்புக் கட்டை, அதில் மூன்று வட்டக் கண்ணாடிகள். லயத்துச் சனம் அன்றைக்கே அதற்கு மூணுகண்ணன் என்று பேர் வைத்துவிட்டது.

மெசினோடு வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் அஃப்ஹம் வலப்பனைப் பக்கத்துக்காரர். அவர்தான் அதைப் பற்றி மனுசருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்.

“டிவிக்கு முன்னால நின்டு புள்ளைகள் துள்ளி விளையாடுறதுக்குச் செஞ்ச கமரா அண்ணே இது. வில மலிவு. நம்மட கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்த வீசும். அது பட்டுத் திரும்பி வாரதுல தூரம் தெரியும். எவ்வளவு திரும்புதுன்டு பாத்தா ஈரமும் தெரியும். ஈர மண்ணு வெளிச்சத்தக் குடிச்சிரும். காஞ்ச மண்ணு திருப்பித் தந்திரும்.”

“அப்ப அந்தப் பலகை எதுக்குங்க தம்பி?”

“எவ்வளவுன்டு சொல்ல ஒரு அளவு வேணும்தானே. பலகை பட்ட வெளிச்சத்தையெல்லாம் அப்படியே திருப்பித் தரும். அதுதான் நூறு. காலையில மெசின் மொதல்ல பலகையப் பாக்கும். பொறகு மேட்டப் பாக்கும். மேடு முப்பதுக்குக் கீழ போனா செவப்பு லைட் எரியும், சங்கு ஊதும்.”

“சங்கு ஊதுனா எங்கள மாத்துவாங்களா?”

“மாத்தியே ஆகணும். சட்டம் அப்படி.”

முத்துலிங்கம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். “அப்ப அந்தப் பலகையப் பத்திரமாப் பாத்துக்கங்க தம்பி.”

“நான் இல்ல அண்ணே. நீங்கதான் பாக்கப் போறீங்க.”

அப்படித்தான் முத்துலிங்கம் அந்த அளவுப் பலகைக்குக் காவலர், கந்தோர் மொழியில் வெண்மை நியமக் காவலர், ஆனார். பலகைக்குப் பக்கத்தில் இருந்த காம்பரா அவருடையது என்பது ஒரு தகுதி. நியமனக் கடிதத்தில் ‘மனைவியுடன் வசிப்பவர்’ என்று இருந்தது இன்னொரு தகுதி.

மூணுகண்ணனுக்கு மேட்டைப் பார்த்தபடி ஒரு வீடு கட்டினார்கள். கொங்கிரீட் அத்திவாரம், ஒழுகாத தகரக் கூரை, கூரைத் தண்ணீர் வடிய நல்ல பீலி. சூடேறாமல் கண் திறந்தால் அது தப்புத் தப்பாகச் சொல்லுமாம். அதற்காக உள்ளே ஒரு பல்ப் எரிந்துகொண்டே இருந்தது.

“அதுக்குக் குளிர் ஆகாதாம்” என்றார் முத்துலிங்கம்.

“எங்களுக்கும் ஆகாதுன்னு எழுதிக் குடுத்தமே” என்றாள் மீனம்மா. “அப்ப ஏன் ஒரு பல்பும் வரல?”

திறப்பு விழாவுக்கு நிலையத்தின் பிராந்திய இணைப்பாளர் விஜிதரன் வந்தார். அவருக்கு ஒலிவாங்கி தேவையில்லை. இருந்தாலும் இரண்டு வைத்தார்கள்.

“அன்பார்ந்த தோட்ட மக்களே! இதுவரை நீங்கள் மழையில் நனைந்து மழையை அறிந்தீர்கள். அது அறிவு அல்ல, அது சளித் தடிமன். இன்றிலிருந்து நீங்கள் நனைகிறீர்களா இல்லையா என்பதை நாங்கள் சொல்வோம்!”

கைதட்டினார்கள். உறையை அவிழ்த்ததும் கைதட்டல் தானாகவே நின்றது. அப்படியொரு வெள்ளையை அந்த மலையில் எவரும் கண்டதில்லை. பனி அழுக்காகத் தெரிந்தது. பூசாரியின் வேட்டி பழுப்பாகத் தெரிந்தது. விஜிதரனே ஒரு கணம் பேச்சை மறந்தார். பிறகு அடித்தொண்டையில் சொன்னார்:

“இவ்வளவு வெள்ளையா ஒண்ணு வெளியில நின்னா கண்ணு பட்டுருமே.”

பூசாரியின் தட்டில் மை இருந்தது. விளக்குக் கரியில் செய்த நல்ல மை.

“சேர், பலகையத் தொட ஏலாது!” என்று அஃப்ஹம் ஓடிவந்தார்.

“நான் எங்க தொடுறேன்? பொட்டுத்தானே தொடுது” என்றார் விஜிதரன். பலகையின் நட்ட நடுவில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார். அவர் வைத்த பிறகு தோட்டத்து மேலாளரான பெரிய தொரை வைக்காமல் இருக்க முடியுமா? தொரை வைத்த பிறகு தொழிற்சங்கத் தலைவர் சும்மா நிற்பாரா? பொட்டுகள் பெருகின. பலகைக்கு அடியில் கற்பூரம் எரிந்து, புகை அதன் கன்னத்தைத் தடவிக்கொண்டு மேலே போனது.

அதிலிருந்து சாமிப்பாறைக்கு வருகிற உத்தியோகத்தர் எல்லோரும் ஒரு பொட்டு வைத்தார்கள். யார் பெரியவர் என்று தெரியாமல் குழப்பம் வந்தபோது நிலையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பொட்டின் அகலம் பதவிக்கு ஏற்ப அமைய வேண்டும். கிளார்க் சுண்டுவிரலால் வைக்கலாம். உதவிப் பணிப்பாளர் பெருவிரலால் வைக்கலாம். பணிப்பாளர் வந்தால் உள்ளங்கையை அப்படியே அழுத்தலாம்.

மழை பிடித்தது. லயத்துச் சுவரில் பாசி ஏறியது. மூணுகண்ணன் காலையில் பலகையைப் பார்த்தது, பிறகு மேட்டைப் பார்த்தது, நாற்பது என்றது. மேடு காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேட்டில் வைத்த கால் கணுக்கால் வரை புதைந்த அன்றைக்கு அறுபது என்றது. தவளைகள் காம்பராவுக்குள் குடிவந்த வாரம் தொண்ணூறு.

“பலகை கறுக்கக் கறுக்க மேடு வெள்ளையாத் தெரியுது அண்ணே” என்று அஃப்ஹம் தலையில் கைவைத்தார். “நூறுன்டு நாங்க சொல்ற பலகை இப்ப இருவதும் தராது. அதோட ஒப்பிட்டா சேறும் மினுங்கத்தான் செய்யும்.”

“தொடச்சிரலாங்களா?”

“எனக்கு அதிகாரம் இல்ல.”

முத்துலிங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் ஈரத்துணி இருந்தது. ஓரமாக ஒரு பொட்டைத் துடைத்துப் பார்த்தார். மறுநாளே விசாரணை வைத்தார்கள்.

“ஒவ்வொரு பொட்டும் ஒரு உத்தியோகபூர்வ விஜயம்” என்றார் விஜிதரன். “நீங்க பொட்ட அழிக்கல, ஒருத்தர் வந்தத வராமப் பண்ணியிருக்கீங்க. சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம எதுவும் செல்லாது. யாருடைய பொட்டு?”

“சின்னதுங்க சார். சுண்டுவிரல் சைசு.”

“கிளார்க்கா?” விஜிதரன் மூச்சுவிட்டார். “அப்ப பரவாயில்ல.”

அன்று மாலைக்குள் அந்தக் கிளார்க் கொத்மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து, தான் வந்ததை மறுபடி வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு காலை மூணுகண்ணன் நூற்றிப்பத்து என்றது. அஃப்ஹம் போனை ஸ்பீக்கரில் போட்டு விஜிதரனைக் கூப்பிட்டார்.

“சேர், வீசின வெளிச்சத்த விடத் திரும்பி வார வெளிச்சம் கூட. இது உலகத்துல நடக்க ஏலாது!”

“ஏன் ஏலாது?” என்றது விஜிதரனின் குரல். “மலையகம் எப்பவும் வாங்குனதவிடக் கூடத்தானே திருப்பிக் குடுத்திருக்கு?”

அஃப்ஹம் போனை வைத்துவிட்டார்.

நிலையம் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தது. சாமிப்பாறை மண் ஒளி தருகிறது! பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பொட்டு வைத்தார்கள். நூற்றி இருபது, நூற்றி முப்பது. மேட்டில் கம்பி இழுத்து ஊருக்குப் பல்ப் எரிக்கலாமா என்று ஆராய ஒரு குழு அமைந்தது. குழுவினர் மேட்டில் ஏறிச் சறுக்கி, சேற்றில் உட்கார்ந்தபடியே லயம் வரை வந்துசேர்ந்தார்கள். எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, மண் நன்றாக உலர்ந்திருப்பதாக ஒப்பமிட்டார்கள்.

“நம்ம பின்னாடி இவ்ளோ வெளிச்சம் இருந்தும் நாம இருட்டுலயே கெடந்திருக்கமே” என்று மீனம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு, பிள்ளைகளின் துணிமூட்டையைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

ஏனென்றால் அந்த வாரம் கக்கூசுக்குப் பின்னால் தரை பிளந்திருந்தது. கைவிட்டால் முழங்கை வரை போனது. பீலித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. முத்துலிங்கம் அந்த நிறத்தை முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறார். நேராக அஃப்ஹமிடம் போய் விஜிதரனுக்குப் போன் எடுக்கச் சொன்னார்.

“சார், தரை வெடிச்சிருச்சுங்க. எங்களக் கீழ பள்ளிக்கூடத்துக்காவது போகச் சொல்லுங்க.”

“முத்துலிங்கம், மெசின் நூத்திமுப்பது சொல்லுது. உங்க மேடு பாலைவனத்தவிடக் காஞ்சிருக்கு. வெடிப்பு வருதுன்னா, காஞ்சதாலதான் வருது!”

பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கும் பூட்டு. சங்கு ஊதாமல் திறக்கக் கூடாது என்பது விதி.

மறுநாள் பணிப்பாளரே வந்தார். உலகத்தின் முதல் ஒளிதரும் மேட்டைத் தன் கையால் அளந்து அறிவிப்பதற்காக. மழை கொட்டியது. நிலையத்துக்காரர்கள் மழைக்குப் படங்குத் துணி கட்டி, மேசை போட்டு, மேசைமேல் பூ வைத்தார்கள். பணிப்பாளர் உள்ளங்கையில் மையைத் தடவிப் பலகையில் அழுத்தினார். இப்போது அதில் வெள்ளை என்று சொல்ல ஓரங்கள் மட்டும்தான் மிச்சம்.

“நியமத்தில் மழை படக்கூடாது! காவலர் குடை பிடிக்கவும்!” என்று விஜிதரன் ஒலிவாங்கியில் ஆணையிட்டார்.

முத்துலிங்கத்திடம் இருந்தது ஒரே குடை. காம்பராவுக்குள் போய் அம்மாக்கண்ணுவின் கறுப்புக் குடையை எடுத்துவந்தார். வாக்காளர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பலகைக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தார்.

பணிப்பாளர் பொத்தானை நோக்கி விரலை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மேட்டின் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது. குடை சாய்ந்தது. விட்டால் பள்ளத்தில் போய்விடும். முத்துலிங்கம் காம்பை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். விரிந்த குடை பலகையை முழுசாக மறைத்தது. விரல் பொத்தானை அமுக்கியது. மூணுகண்ணன் பலகையைத் தேடியது, குடையைப் பார்த்தது. பிறகு மேட்டைப் பார்த்தது.

இருபத்தெட்டு.

சிவப்பு லைட் எரிந்தது. சங்கு ஊதியது.

நிலையத்தின் கைநூலில் ஒரே ஒரு நல்ல விதி இருந்தது. எங்கிருந்தோ பார்த்து எழுதும்போது தவறி வந்திருக்க வேண்டும். சங்கு ஊதினால் முதலில் ஓட வேண்டும், ஏன் ஊதியது என்று பிறகு கேட்க வேண்டும். சனங்கள் ஓடினார்கள். மீனம்மா மூட்டையோடு ஓடினாள். சங்கத் தலைவர் எல்லோருக்கும் முன்னால் தலைமை தாங்கி ஓடினார். பணிப்பாளர் பூச்சாடியை ஏன் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று அவருக்கே தெரியவில்லை. கேட் திறந்தது. கொஞ்ச நேரத்தில் லயம் முழுக்கப் பள்ளிக்கூட மண்டபத்தில் நனைந்துபோய் நின்றது.

மூச்சு வாங்கியதும் விஜிதரன் மேசையைப் பிடித்தார்.

“இது செல்லாத சங்கு! வெண்மை நியமத்துக்குப் பதிலா ஒரு குடை அளக்கப்பட்டிருக்கு. அதுவும் கறுப்புக் குடை!”

“சேர்,” என்றார் அஃப்ஹம், “நம்மட கண்ணுக்குத்தான் அது கறுப்பு. மெசின் வீசுற வெளிச்சத்த அந்தத் துணி நல்லாத் திருப்பித் தருது. இப்ப இருக்கிற பலகையவிடக் குடைதான் வெள்ளை. சங்கு சொன்னது சரி.”

“கறுப்ப வெள்ளைன்னு சொல்ற அதிகாரம் நமக்கு இல்ல தம்பி. அதுக்குக் கொழும்புல தனிப் பிரிவு இருக்கு.” விஜிதரன் கடதாசி ஒன்றில் மளமளவென்று எழுதி முத்துலிங்கத்தின் முன்னால் நீட்டினார். “குடை தவறுதலா மறைச்சதுன்னு ஒரு கையெழுத்து. சங்கு ரத்தாகும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.”

எல்லோரும் முத்துலிங்கத்தைப் பார்த்தார்கள். தன் முன்னால் நீட்டப்பட்ட கடதாசி எதிலும் அவர் இதுவரை கையெழுத்துப் போடாமல் இருந்ததில்லை. பேனையைக்கூட வாங்கிவிட்டார். மீனம்மாவின் கடைசிப் பிள்ளை மூட்டைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். கையில் இருந்த குடையைப் பார்த்தார்.

“சார், குடை என்னோடது இல்லீங்களே.”

“பின்ன யாருடையது?”

“அம்மாக்கண்ணோடதுங்க. என் சம்சாரம். சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம எதுவும் செல்லாதுன்னு பொட்டு விசாரணையில நீங்கதான் சொன்னீங்க.”

“அவங்க செத்துட்டாங்கதானே?”

“அப்படி எழுதித் தாங்கன்னு ரெண்டு வருசமாக் கேக்குறேன் சார். உங்க கந்தோருல உசுரோட இருக்கான்னுதான் சொல்றாங்க.” சட்டைப்பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பணிப்பாளர் அட்டையை எடுத்து முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், விஜிதரனைப் பார்த்தார். விஜிதரன் கைநூலைப் புரட்டினார். இறந்தவர் என்று ஏற்றால் மண் சரிந்தது என்று ஏற்க வேண்டும். சரிந்தது என்று ஏற்றால் மேடு ஈரமானது என்று ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அவளுடைய கையெழுத்து வேண்டும். இருவரும் காதோடு காதாக நெடுநேரம் பேசினார்கள். வெளியே மழை இன்னும் பலமாகப் பிடித்தது.

கடைசியில் பணிப்பாளர் அன்றைக்கு முதன்முறையாக வாயைத் திறந்தார்.

“விதிப்படி மூன்று தரம் கூப்பிடுங்கள். வராவிட்டால் அவர் சார்பில் நாமே ஒப்பமிடலாம்.”

வேன் சாரதியை வாசலில் நிறுத்தினார்கள். அவருக்கு நல்ல குரல்.

“சாமிப்பாறை மேல்கணக்கு, முத்துலிங்கம் சம்சாரம் அம்மாக்கண்ணு!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது மீனம்மாதான். சிரித்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

“சாமிப்பாறை மேல்கணக்கு, முத்துலிங்கம் சம்சாரம் அம்மாக்கண்ணு!”

இந்த முறை எவரும் சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பெயரை யாரும் இவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை. முத்துலிங்கம் தன்னையறியாமல் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார்.

“சாமிப்பாறை மேல்கணக்கு...”

மேடு பதில் சொன்னது.

முதலில் காலடியில் ஒரு நடுக்கம். பிறகு ஆயிரம் கொழுந்துக் கூடைகளை ஒன்றாகக் கவிழ்த்ததுபோல் ஒரு சத்தம். விஜிதரன் மேசைக்கு அடியில் போனார். அங்கே பணிப்பாளர் பூச்சாடியோடு ஏற்கனவே இருந்தார். சத்தம் ஓய்ந்து, சனங்கள் வாசலுக்கு வந்து மேலே பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. ஒழுகாத தகரக் கூரை இல்லை. மூணுகண்ணனும் இல்லை. மீனம்மா பிள்ளைகளை எண்ணினாள். மற்றவர்கள் மற்றவர்களை எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு அழுகிறவர்களும் சிரிக்கிறவர்களும் யார் யார் என்று பிரிக்க முடியவில்லை.

வெண்பலகையை அடுத்த வாரம் சேற்றிலிருந்து எடுத்தார்கள். ஓடை நீரில் அடிபட்டுக் கழுவுண்டு, வந்த நாளைப்போலவே பளீரென்று இருந்தது. அஃப்ஹம் சந்தோசமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். விஜிதரன் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஒரு பொட்டுக்கூட இல்லையே. இது நம்ம பலகையே இல்ல.”

புதிய நியமம் ஒன்று உடனே தேவைப்பட்டது. நிலையத்தின் வரலாற்றில் சரியாகச் சொன்ன ஒரே பொருள் குடைதான் என்பதை விஜிதரன் தன் நீண்ட உரையில் விளக்கினார். அந்தச் சங்கை ஊதவைத்தது நிலையத்தின் தொலைநோக்கு என்றும் விளக்கினார். பிறகு குடையை மேசைமேல் விரித்து வைத்து, மைச்சிமிழில் விரலைத் தொட்டு, அதன்மேல் ஒரு பொட்டு வைத்தார். கறுப்பில் கறுப்புத் தெரியவில்லை. இன்னொன்று வைத்தார். அதுவும் தெரியவில்லை. கலவரத்தோடு விரலையே பார்த்தார்.

முத்துலிங்கம் மேசைக்கு மறுபக்கத்தில் நின்றார். அங்கே விசாரணைக் குறிப்பு விரித்துக் கிடந்தது. ‘அம்மாக்கண்ணு என்பவர் மூன்று தரம் அழைக்கப்பட்டும் சமுகமளிக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

“இதுல தப்பா எழுதியிருக்கீங்க சார்.”

“என்ன தப்பு?”

“வரலேன்னு எழுதாதீங்க. மூணாவது கூப்பாட்டுக்கு வந்துட்டா. நீங்கதான் மேசைக்கு அடியில இருந்தீங்க.”

விஜிதரன் பேனையை எடுத்தார், வைத்தார், பணிப்பாளர் இருக்கிறாரா என்று சுற்றிப் பார்த்தார். அதற்குள் முத்துலிங்கம் குடையை எடுத்துக்கொண்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

“முத்துலிங்கம்! தேசிய நியமத்த மழையில நனைக்கக் கூடாது!”

“குடைதானே சார்” என்று சொல்லிவிட்டு, மீனம்மாவையும் அவள் இடுப்பில் இருந்த பிள்ளையையும் குடைக்குள் கூப்பிட்டுக்கொண்டு அவர் இறங்கி நடந்தார். விஜிதரன் வைத்த மை கரைந்து, குடைக் கம்பி வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பாதையில் விழுந்துகொண்டே போனது.